இரண்டு எஞ்சின் விமானம் வாங்கலாமா? ஹூஸ்டனிலிருந்து ஒரு கேள்வி

ஹூஸ்டன்_குமரன்

வணக்கம். திட்டு விழும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். இதுவரை 420 மணி நேரம் பறந்திருக்கிறேன். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியும் உண்டு. ஆறு வருடமாக வாடகை செஸ்னா 182தான், ஒற்றை எஞ்சின். அட்லாண்டாவில் அண்ணன் குடும்பம் இருக்கிறது, வருடத்துக்கு ஆறு முறையாவது போய்வருகிறோம். ஒரு வழிக்குச் சுமார் 600 கடல் மைல். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து தங்கும் மூன்று மாதங்களில் ஆறு பேர்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். இரவு நேரத்தில் லூசியானா சதுப்புக்கு மேலே ஒற்றை எஞ்சினை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற மாட்டாளாம்.

1977ஆம் வருடத்துப் பைப்பர் செனகா 2 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறு இருக்கை. கேட்பது 1,65,000 டாலர். ஓவர்ஹாலுக்கு, அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்ததற்குப் பிறகு, இடது எஞ்சின் ஓடியது 1,150 மணி நேரம், வலது 640. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

வால்காற்று

பெயின்டைப் பார்த்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். வாருங்கள்.

விலையை விடுங்கள், அது வாசல் படி மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று என் கணக்கிலிருந்து சொல்கிறேன். வருடம் 100 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். விமானம் நிறுத்தும் கொட்டகை, அதாவது ஹேங்கர், மாதம் 750 என்றால் வருடத்துக்கு 9,000. காப்பீடு முதல் வருடம் 6,500க்குக் குறைந்தால் கோயிலுக்குத் தேங்காய் உடையுங்கள். வருடாந்தரச் சோதனையும் அதில் கண்டுபிடிக்கும் கோளாறுகளும் 9,000. வரைபடம், ஜிபிஎஸ் தரவு எல்லாம் 1,200. வருடந்தோறும் பயிற்றுநரோடு மறுபயிற்சி 2,500. விமானம் ஓர் அங்குலம் நகர்வதற்கு முன்பே 28,200 டாலர் போய்விட்டது.

இனி மணிக்கணக்கு. இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 22 கேலன் குடிக்கும். கேலன் 6.25 என்றால் 137. எஞ்சின் ஓவர்ஹால் ஒன்றுக்கு 60,000 என்று வைத்து, 1,800 மணி நேரத்தில் வகுத்தால் இரண்டுக்கும் மணிக்கு 67. புரொப்பெல்லர்களுக்கு 18, எண்ணெய்க்கு 5. பெயர் சொல்ல முடியாத செலவுகளுக்கு 50. இந்த ஐம்பதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கட்டுவார்கள். ஆக மணிக்கு 277. நிலையான செலவையும் பகிர்ந்து சேர்த்தால் மணிக்குச் சுமார் 560 டாலர்.

செனகா 160 நாட், அதாவது மணிக்கு 160 கடல் மைல் ஓடும். அட்லாண்டா போய்வர ஏழரை மணி நேரம், 4,200 டாலர். நான்கு பேருக்கு விமான டிக்கெட் 1,200 டாலருக்குக் கிடைக்கும். பணத்தை மிச்சப்படுத்த வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தால் இன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

ஹூஸ்டன்_குமரன்

மிச்சம் என்று சொல்லவில்லை. "பெரிய வித்தியாசம் வராது" என்று சொல்லியிருக்கிறேன்.

வால்காற்று

அதுதான். திருத்துங்கள்.

கிரீஸ்_கை

தம்பி, இந்தக் கணக்கு வழக்கை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஓக்லஹோமாவில் 22 வருடமாக இந்த எஞ்சின்களின் வயிற்றைத் திறந்து பார்ப்பவன். இடது எஞ்சின் 1,150 மணி நேரம் என்றாயே, எந்த வருடம் ஓவர்ஹால் செய்தார்கள்? மணி நேரத்தை மட்டும் சொல்லி வருடத்தைச் சொல்லாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை. இந்த எஞ்சினைச் செய்யும் காண்டினென்டல் நிறுவனம் ஓவர்ஹாலுக்கு மணிக்கணக்கோடு 12 வருடம் என்ற வரம்பும் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்குப் பறப்பவனை அந்த வரம்பு சட்டப்படி கட்டாயப்படுத்தாது. ஆனால் துருவுக்குச் சட்டம் தெரியாது.

ஓடாத எஞ்சின்தான் சீக்கிரம் சாகும். போட்டி நிறுவனமான லைகமிங்கின் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நிறுத்திவைத்தால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், கேமில் துரு பொட்டுவைக்கும். செனகா 2இல் இருப்பது காண்டினென்டல், கேம் கீழே இருப்பதால் அந்த வம்பு குறைவு. சிலிண்டர் சுவர் தப்பாது. அதுவும் உங்கள் வளைகுடாக் கரை ஈரத்தில்!

வாங்குமுன் சோதனைக்குப் போகும்போது மூன்று விஷயம் உன் கண்ணால் பார். முதலாவது, எண்ணெய் ஃபில்ட்டரை வெட்டச் சொல். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கும். அதைப் பிரித்து, பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பார். மினுக்கினால் காந்தத்தை வை. ஒட்டினால் இரும்பு. எங்கிருந்து வந்தது என்று கேள், பதில் வராவிட்டால் வீட்டுக்குப் போய்விடு. இரண்டாவது, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமராவை விட்டு எக்ஸாஸ்ட் வால்வைப் படமெடுக்கச் சொல். நல்ல வால்வு மரத்தின் ஆண்டு வளையம் போல ஒரே மையத்தைச் சுற்றிய நிறங்களோடு இருக்கும். எரியத் தொடங்கிய வால்வில் வளையம் ஒரு பக்கமாக ஒதுங்கி, விளிம்பில் தனி நிறத்தில் பிறை ஒன்று தெரியும். மூன்றாவது, ஹீட்டர். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஹீட்டர் என்றால் பெட்ரோலை எரிக்கும் ஒரு சின்ன அடுப்பு. அதன் அழுத்தச் சோதனைச் சீட்டைக் கேள். பலர் "டெக்சஸில் ஹீட்டர் எதற்கு" என்று கைவிட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்தில் பத்தாயிரம் அடியில் டெக்சஸ் கிடையாது.

இன்னொன்று. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இருக்கிறதே, செனகா 2இல் அதற்குத் தானே அடங்கத் தெரியாது. காரில் மிதிப்பதுபோல் லீவரைக் கடைசிவரை தள்ளினால் 40 அங்குல அழுத்தத்தைத் தாண்டி ஏறிவிடும். முந்தைய முதலாளிகளில் ஒருவன் அவசரக்காரனாக இருந்தாலே போதும், அதற்கான பில் உன் பெயருக்கு வரும்.

தனிக்கட்டை

ஏன் இத்தனை தலைவலி? பழைய சிரஸ் எஸ்ஆர்22 வாங்குங்கள். ஒரே எஞ்சின், 310 குதிரைத்திறன், 170 நாட், மணிக்கு 16 கேலன். எஞ்சின் நின்றால் கூரையில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியை இழுங்கள், விமானத்தோடு சேர்த்துப் பாராசூட்டில் இறங்கலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை பாராசூட்டை மாற்றும் செலவு உண்டு, அவ்வளவுதான். உங்கள் வீட்டம்மாவிடம் அந்தக் கைப்பிடியைக் காட்டுங்கள், நிபந்தனை மாறும்.

ஹூஸ்டன்_குமரன்

காட்டினேன் நண்பரே. "பாராசூட்டில் இறங்கினாலும் சதுப்பில்தானே இறங்குவோம், அங்கே முதலை இருக்குமே" என்கிறாள். தவிர, பழைய சிரஸில் நான்கே இருக்கை. அப்பா அம்மாவை என்ன செய்வது?

நீலக்கோடு

நான் இரட்டை எஞ்சின் பயிற்றுநர். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போவதில்லை, அந்த நிபந்தனையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இரண்டு எஞ்சினில் ஒன்று போனால் பாதிச் சக்தி மிஞ்சும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சக்தி பாதிதான். ஆனால் மேலே ஏறுவது மிச்சச் சக்தியால். நேராகப் பறக்கத் தேவையானது போக மீதி இருப்பதுதான் ஏற்றும். பாதி போனால் அந்த மீதியில் 80 முதல் 90 விழுக்காடு காணாமல் போகும். செனகா 2இன் கையேட்டில் கடல் மட்டத்தில் ஒற்றை எஞ்சினில் நிமிடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் அடி ஏறும் என்று இருக்கும். புது விமானம், சரியான வேகம், நின்ற புரொப்பெல்லர் காற்றுக்கு ஒருக்களித்து மடங்கியாயிற்று, சக்கரம் உள்ளே, கையாள்பவர் நிறுவனத்தின் சோதனை விமானி, இப்படி அளந்த எண் அது. ஆகஸ்டு மத்தியானத்தில், ஐம்பது வயதான விமானத்தில், குழந்தை அழும்போது அந்த எண்ணில் எத்தனை மிஞ்சும்?

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 6,000 பவுண்டும் அதற்குக் கீழும் எடையுள்ள, 61 நாட்டோ அதற்குக் குறைவோ ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது) கொண்ட இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒற்றை எஞ்சினில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று செனகா 2 காலத்து அமெரிக்கச் சான்றிதழ் விதி கேட்கவில்லை. எவ்வளவு ஏறும் அல்லது இறங்கும் என்று அளந்து எழுதினால் போதுமானதாக இருந்தது. இறங்கும் என்று எழுதினாலும் சான்றிதழ் கிடைத்தது.

வேகமானியில் இரண்டு கோடு இருக்கும். நீலக்கோடு ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறும் வேகம். சிவப்புக்கோட்டுக்குக் கீழே போனால் ஓடும் எஞ்சினே விமானத்தைப் புரட்டிவிடும், சுக்கான் எவ்வளவு மிதித்தாலும் நிற்காது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றால் எதிரே வரும் வயலில் இறங்குவீர்கள், வேறு வழியில்லை. இரட்டையில் வழி இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி மூக்கைத் தூக்கிக்கொண்டே போனவர்களைப் பற்றி விபத்து அறிக்கைகள் நிறையப் பேசுகின்றன. இரண்டாவது எஞ்சின் உங்களை விபத்து நடக்கும் இடம்வரை கொண்டுபோய்விடும் என்று எங்கள் தொழிலில் ஒரு பழைய கேலி உண்டு.

இதெல்லாம் கிளம்பும் நேரத்துக்கு. லூசியானாவுக்கு மேலே எட்டாயிரம் அடியில் இரவில் எஞ்சின் நின்றால், அங்கே உங்கள் வீட்டம்மா சொல்வது சரி, இரட்டை எஞ்சின் தங்கம். நிதானமாக ஏதாவதொரு விமான நிலையத்துக்குப் போகலாம். ஆனால் தொட்டியில் எரிபொருள் தீர்ந்தால் எத்தனை எஞ்சின் இருந்தும் பயனில்லை, இறக்கையில் பனி உறைந்தாலும் அப்படித்தான்.

சென்டெனியல்_சாமி

நீலக்கோடு சொன்னதற்கு வாழும் சாட்சி நான். ஆறு வருடம் பீச்கிராஃப்ட் பேரன் 58 வைத்திருந்தேன். டென்வர் பக்கம், சென்டெனியல் விமான நிலையம், தரையே 5,885 அடி. பேரன் முழு எடையில் ஒற்றை எஞ்சினில் ஏறக்கூடிய எல்லை சுமார் 7,000 அடி. கோடை மத்தியானத்தில் ஓடுபாதையிலேயே காற்று எட்டாயிரம் அடியில் இருப்பதுபோல் மெலிந்திருக்கும். கணக்கு புரிகிறதா? ஜூலையில் கிளம்பும் ஒவ்வொரு முறையும் நான் ஒற்றை எஞ்சின் விமானிதான், செலவு மட்டும் இரண்டு எஞ்சினுக்கு.

விமானம் ராஜா, பொய் சொல்ல மாட்டேன். 190 நாட். பின்பக்க இரட்டைக் கதவைத் திறந்தால் எதிரெதிர் இருக்கை, ரயில் பெட்டி மாதிரி. அம்மா அங்கே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் பரிமாறிய படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஐந்தாவது வருடம் ஒரு பணிமனையில் வருடாந்தரச் சோதனைக்கு விட்டேன். 7,000 என்றார்கள், 23,000 வந்தது. மூன்று சிலிண்டர், ஒரு சக்கர மோட்டார், கை வைத்த இடமெல்லாம் ரப்பர் குழாய். ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, கழற்றியதையெல்லாம் மேசையில் பரப்பிக் காட்டினார்கள். கோபப்படக்கூட ஆளில்லாத பில் அது.

விற்றதற்குக் காரணம் அந்த பில் இல்லை. கடைசி வருடம் நான் பறந்தது 31 மணி நேரம். ஒரு நாள் ஓடுபாதைத் தலைப்பில் நின்று, இப்போது இடது எஞ்சின் போனால் என் கால் எதை மிதிக்கும் என்று யோசித்தேன். இரண்டு விநாடி ஆயிற்று. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஹூஸ்டன்_குமரன்

சாமி ஐயா, படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, அட்லாண்டாவுக்கு வரும் நண்பர்களிடம் செலவில் பங்கு வாங்கலாமா? இரண்டு, டீசல் இரட்டை எஞ்சின்கள் குறைவாகக் குடிக்கும் என்கிறார்களே?

வால்காற்று

முதல் கேள்விக்கு: தனியார் விமானி உரிமத்தில் சம்பாதிக்க முடியாது. பயணிகளோடு செலவைப் பங்கிடலாம், ஆனால் செலவைத் தலைக்கு வகுத்தால் வரும் தொகையைவிட உங்கள் பங்கு குறையக் கூடாது. பங்கிடுவதும் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை, இவை நான்கு மட்டுமே. ஓவர்ஹால் நிதி, காப்பீடு, ஹேங்கர் உங்கள் தலையில். பயணத்தில் உங்களுக்கும் சொந்த வேலை இருக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போகும்போது நண்பர் தொற்றிக்கொண்டால் சரி. நண்பருக்காகவே அட்லாண்டா போனால் சரியில்லை.

டீசல்: டைமண்ட் டிஏ42. ஆஸ்ட்ரோ எஞ்சின் பொருத்திய பிந்தைய வகையில் இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்குப் பன்னிரண்டு கேலன் அளவில், அதுவும் ஜெட் எரிபொருளைக் குடிக்கும். அருமை. விலையைப் பார்த்தால் மயக்கம் வரும், இருக்கையும் நான்குதான். மலிவாகக் கிடைப்பவை முதல் தலைமுறை, தீலர்ட் எஞ்சின். அந்த நிறுவனம் 2008இல் திவாலானபோது உத்தரவாதத்தை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கியர்பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டிய எஞ்சின் அது. சேமித்த எரிபொருள் பணம் எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள்.

கிரீஸ்_கை

ஆறு இருக்கை என்று மயங்காதே தம்பி. செனகா 2இல் எரிபொருள் இல்லாமல் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு, 4,000 பவுண்டு. எடைச் சீட்டை வாங்கிப் பார்த்தாயா?

ஹூஸ்டன்_குமரன்

பார்த்தேன். காலி எடை 3,060. அப்படியென்றால் ஆட்களும் பெட்டியும் சேர்ந்து 940 பவுண்டு. எங்கள் ஆறு பேரையும் குளியலறைத் தராசில் ஏற்றினேன். 770. அம்மா ஏற மறுத்தார், அப்பா சொன்ன உத்தேச எண்ணைப் போட்டிருக்கிறேன். மீதி 170. அப்பாவும் அம்மாவும் அண்ணன் வீட்டிலிருந்தே ஊருக்குத் திரும்புவதானால் ஆளுக்கு இரண்டாக நான்கு பெட்டி, தலா 50 பவுண்டு. 30 பவுண்டு அதிகம்.

சென்டெனியல்_சாமி

ஊறுகாய் ஜாடியை நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நீலக்கோடு

வாங்குவதற்கு முன்பு இரட்டை எஞ்சின் ஓட்டும் தகுதியை, அதாவது ரேட்டிங்கை எடுங்கள். எழுத்துத் தேர்வு கிடையாது, பயிற்சியும் நேரடித் தேர்வும்தான். பைப்பர் செமினோல் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானம் கிடைக்கும் பள்ளியாகப் பாருங்கள். சில ஆயிரம் டாலரில் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஹூஸ்டன்_குமரன்

ஏழு வாரம் கழித்து வருகிறேன்.

ரேட்டிங் கிடைத்தது. செமினோலில் 4,000 அடியில் பயிற்றுநர் வலது எஞ்சினை உண்மையாகவே நிறுத்தினார். புரொப்பெல்லர் தயங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, கத்திபோல் ஒருக்களித்து நின்றது. அதுவரை எஞ்சின் ஓசைக்கு நடுவில் ஒரு புரொப்பெல்லரின் இலைகளை நான் பார்த்ததே இல்லை. கல் பட்ட சொட்டைகூடத் தெரிந்தது. இடது எஞ்சினுக்கு முழுச் சக்தி, வேகம் 88, நீலக்கோட்டின் மேல் அப்படியே. "ஏறு" என்றார். ஊசி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது, பிறகு ஒரு முடி அளவு கீழே. இடது தொடை நடுங்கியது, வலது கால் சும்மா இருந்தது. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது என்று சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் கால் புரிந்துகொண்டது.

பளபளத்த செனகாவைச் சோதனைக்குக் கொடுத்தேன். ஃபில்ட்டர் சுத்தம். இடது எஞ்சின் ஓவர்ஹால் ஆனது 1998இல். கடைசி ஐந்து வருடத்தில் விமானம் பறந்தது மொத்தம் 61 மணி நேரம். நான்காவது சிலிண்டரின் வால்வில் கிரீஸ்_கை அண்ணன் சொன்ன அந்தப் பிறை அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்ததும் மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தார். விற்பவர் பத்தாயிரம் குறைக்கிறேன் என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எங்கள் விமான நிலையத்திலேயே இன்னொரு செனகா 2 இருக்கிறது. முதலாளிக்கு 71 வயது. தனியாகப் பறப்பதானால் காப்பீட்டுத் தொகையை இரட்டிப்பாக்குவோம் என்று சொல்லிவிட்டார்களாம். பாதிப் பங்கு தருகிறேன், வாரம் ஒருமுறை பறந்தே ஆக வேண்டும் என்பதுதான் அவர் நிபந்தனை. அவர் 40 மணி நேரம், நான் 60. என் பங்கு நிலையான செலவு 14,100, பறக்கும் செலவு 16,600. ஏறக்குறைய வருடத்துக்கு முப்பத்தோராயிரம். இந்த முறை எண்ணை அப்படியே வீட்டில் சொன்னேன். "பெரிய வித்தியாசம் வராது என்றீர்களே" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. பிறகு, "அந்தத் தாத்தா இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவீர்களா?" என்றாள். அதற்குச் சரி என்றேன். கையெழுத்து போட்டாயிற்று. பயணிகளை ஏற்றுமுன் பயிற்றுநரோடு 25 மணி நேரம் பறக்க வேண்டும் என்று காப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள், அதில் ஒன்பது முடிந்திருக்கிறது. அதுவரை அட்லாண்டாவுக்கு டிக்கெட்தான்.

இப்போது ஒரு சில்லறைச் சிக்கல். காத்திருப்புப் பட்டியலில் எங்களுக்குக் கிடைத்த ஹேங்கரின் கதவு சரியாக 40 அடி. இறக்கை 38 அடி 11 அங்குலம். பக்கத்துக்கு ஆறரை அங்குலம். எப்படி உள்ளே தள்ளுவது?

கிரீஸ்_கை

தரையில் நடுவே மஞ்சள் கோடு போடு, மூக்குச் சக்கரம் அதை விட்டு விலகக் கூடாது. கதவு நிலையில் இரண்டு பக்கமும் இறக்கை உயரத்துக்கு டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து ஒட்டு. இறக்கை முனை விளக்கு ஒன்று உடைந்தால் விலையைக் கேட்டு உனக்குக் காய்ச்சல் வரும். தனியாகத் தள்ளவே தள்ளாதே. இடது முனைக்குத் தாத்தாவை நிறுத்து, வலது முனைக்கு உன் வீட்டம்மாவைக் கூப்பிடு. இரண்டு எஞ்சின் கேட்டவர் அவர்தானே.

ஹூஸ்டன்_குமரன்

கேட்டேன். சனிக்கிழமை வருகிறாளாம். பந்து வாங்கப் போகிறேன்.